படைக்களத்து வேலும் ஆடுகளத்து ஈட்டியும்

மக்கள் தம் கையாற் செய்துகொண்ட கருவிகளுள் ஈட்டியைப்போல் நெடிய வரலாறு உடையன மிகச் சிலவே. ஜெர்மனி நாட்டில் ஷோனிங்கன் என்னும் ஊரின்கண், பழுப்பு நிலக்கரி எடுக்கும் பள்ளத்தில், 1994ஆம் ஆண்டு தொடங்கி மரத்தாலாகிய பழைய ஈட்டிகள் சில அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை ஏறக்குறைய மூன்று இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டன என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதினர். 2025இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அக்காலத்தை இரண்டு இலட்சம் ஆண்டளவிற்குக் குறைத்தது. எவ்வாறாயினும், உழவும் எழுத்தும் தோன்றுதற்கு எத்துணையோ ஊழிகட்கு முன்னரே மனிதன் ஈட்டி செய்யக் கற்றிருந்தான் என்பது தேற்றம். அவ்வீட்டிகளை ஒப்பப் புதியன செய்து, பயிற்சி மிக்க ஈட்டி வீரர் எறிந்து பார்த்தபொழுது, 20 மீட்டர் தொலைவில் நின்ற இலக்கையும் அவை தாக்கின என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. வயிறு நிரப்ப வேட்டையாடிய முன்னோன் அமைத்த அளவு இன்றும் பிழைபடாது நிற்கின்றமை வியப்பன்றோ?

இத்துணைப் பழைமை வாய்ந்த கருவி இந்நாளிற் போர்க்களத்தை விட்டு நீங்கி ஆடுகளத்தை அடைந்து விளங்குகின்றது. எனினும், அதனைப் பற்றி மாணவரிடையே வழங்கும் கருத்து இருவகைப்படும். ஒரு சாரார், ஈட்டி கொலைக்கருவியாதலின், சமாதானத்தைப் போதிக்கும் கிறிஸ்தவக் கல்லூரியில் அதற்கு இடம் யாது என்று வினவுவர். மற்றொரு சாரார், அது கொலைக்கருவியாய் இருந்தமையே அதன் சிறப்பென்றும், நம் நாட்டினர் அயல்நாட்டினரை ஈட்டியால் விஞ்சுங்கால் அது போர்வெற்றியே என்றும் ஆர்ப்பரிப்பர். முன்னவர் வெறுப்பினாலும் பின்னவர் விருப்பினாலும் ஒரே பிழையிற் படுகின்றனர் என்பது எம் கருத்து. இருசாராரும் ஈட்டியின் முனையையே நோக்குகின்றனர். எறிந்தபின் அவ்வீட்டி யார் கைக்கு மீள்கின்றது என்பதனை நோக்கினாரல்லர். ஒரு கருவியை நம்மோடு எதிர்நிற்பவன் கையிற் கொடுக்க நாம் அஞ்சுவோமாயின் அது படை; அஞ்சாது கொடுப்போமாயின் அது விளையாட்டு. இவ்வொரு வேறுபாட்டினைத் தெளிவாகக் கண்டோமாயின் ஏனைய ஐயங்கள் தாமே நீங்கும்.

முதற்கண் படைக்களத்தை நோக்குவோம். வாளானது வெட்டியபின்னும் வீரன் கையிலேயே நிற்கும். எறிந்த ஈட்டியோ கையை விட்டு நீங்கிப் பகைவனிடமே சென்றுவிடும். குறி தவறின், பகைவன் அதனை எடுத்து எறிந்தவன்மேலேயே திருப்பி எறிதல் கூடும். இவ்விடரை நீக்கப் பண்டை உரோமர் அரிதின் முயன்றனர். பீலும் என்னும் அவர்தம் எறியீட்டி கனத்த மரத்தண்டினையும் மெல்லிய நீண்ட இரும்புக் கம்பியினையும் உடையது. கி. மு. 58இல் சீசர் ஹெல்வேத்தியரோடு பொருதபொழுது, எறியப்பட்ட ஈட்டிகள் அவர்தம் கேடயங்கள் ஒன்றிரண்டை ஊடுருவி ஒருங்கு பிணித்து இரும்பு வளைந்து நிற்க, அவற்றைப் பிடுங்கவும் இயலாது, கேடயத்தைத் தாங்கவும் இயலாது, பலர் கேடயத்தை எறிந்துவிட்டு வெறுமேனியராய்ப் போரிட்டனர் என்று அவரே எழுதிவைத்தார். மேரியஸ் என்னும் தளபதி, தண்டையும் இரும்பையும் பிணிக்கும் இரண்டு இரும்பாணிகளுள் ஒன்றனை நீக்கி, எளிதில் ஒடியும் மரவாணி ஒன்றனைச் செறித்தார் என்று புளூட்டார்க்கு உரைக்கின்றார். பகைவன் கேடயத்திற் பாய்ந்தவுடன் அவ்வாணி ஒடிய, ஈட்டி தொங்கிக் கேடயத்தைக் கீழே இழுக்கும். திருப்பி எறிதற்கும் உதவாது.

ஈண்டு நேயர் ஒன்று கருதல் வேண்டும். தான் செய்த கருவி தன் கையை விட்டு நீங்கியவுடன் கெட்டொழிய வேண்டும் என்று விரும்பி, அக்கேட்டினை முன்னரே அதனுள் அமைத்துவைப்பது எத்தகைய அறிவு! அஃது அச்சத்தின் அறிவு. ஆப்பிரிக்காவில் சூலு மக்களின் மன்னன் ஷாகா, நெடிய எறியீட்டியினும், கையை விடாது நெருங்கிக் குத்தும் குறுந்தண்டு ஈட்டியையே தன் படைஞர்க்குச் சிறப்பாக வழங்கினான் என்பர். எறிந்தவன் வெறுங்கையனாய் நிற்பன் என்பதே அதற்கும் காரணமாகும். ஆகவே, படைக்களத்து ஈட்டியைப் பற்றிய முதற் கவலை, அது சென்று தாக்குமோ என்பது மட்டுமன்று; அது திரும்பி வருமோ என்பதும் ஆம்.

இனி, நம் செந்தமிழ் நூல்களை நோக்குவோம். எறிவேலை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருக்குறளின் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் அதனைக் குறித்த குறட்பாக்கள் இரண்டு யாவரும் அறிந்தனவே. அவற்றுள் ஒன்று, காட்டு முயலைத் தவறாது எய்த அம்பினும், யானையின்மேல் எறிந்து பிழைத்த வேலே ஏந்துதற்கு இனிதென்கின்றது. மற்றொன்று, கைவேலை யானையின்மேற் போக்கிய வீரன் வேறு வேல் நாடுங்கால், தன் மார்பிற் பாய்ந்திருந்த பகைவன் வேலையே பறித்து மகிழ்கின்றான் என்கின்றது. உரோமர் எதற்கு அஞ்சி மரவாணி செறித்தனரோ அதுவே ஈண்டு வீரன் ஒருவனுக்கு நகைக்கு ஏதுவாயிற்று. பகைவன் எறிந்தது தன் கைக்கு வந்தது. தன் கையது பகைவனிடம் சென்றது. இருவர்க்கும் வேல் ஒன்றே. இம்மறத்தை யாம் வியவாதிருத்தல் இயலாது. ஆயினும் அம்மகிழ்ச்சி குருதியில் தோய்ந்த மகிழ்ச்சி என்பதனையும் மறத்தல் இயலாது.

முதற் குறளோ ஆடுகளத்திற்கும் சாலப் பொருந்துவதாம். எய்துதற்கு எளிய சிறுபொருளை எய்தியதனினும் அரியதொன்றனை நாடித் தவறியதே உயர்வு என்னும் அக்கருத்து, எறிந்த ஆறு முறையும் தன் எல்லையைத் தானே கடக்க முயன்று தோற்ற விளையாட்டு வீரனுக்கு எத்துணை ஆறுதல் அளிப்பதாகும்! நம் கல்லூரிகளில் முதலிடம் பெற்றவன் பெயரையே பலகையில் எழுதுகின்றோம். சென்ற ஆண்டினும் ஐந்து மீட்டர் மிகுதியாக எறிந்து கடையிடம் பெற்றவனை எவரும் நினைப்பதில்லை. வள்ளுவனார் நடுவராய் இருந்திருப்பின் அவனையும் அழைத்து ஒரு சொல் கூறியிருப்பார் என யாம் எண்ணுகின்றோம்.

ஈண்டு ஒரு தடை எழும். ஆடுகளத்து ஈட்டி போரிற் பயன்படாத பொம்மை அன்றோ என்பதே அது. ஔவையார் அதியமானின் தூதராய்த் தொண்டைமானிடம் சென்றபொழுது, அவன் படைக்கொட்டிலில் மயிற்பீலி சூட்டி, நெய் பூசிக் காவலில் வைத்திருந்த கருவிகளைப் புகழ்வார்போன்று இகழ்ந்து, அதியமானுடைய வேல்கள் பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்று கூறிய செய்தி புறநானூற்றால் அறியப்படும். பயன்படாத வேல் அக்காலத்து நகைக்கு இடமாயிற்று. அவ்வளவுகோலால் அளப்பின் நம் மைதானத்து ஈட்டியும் நகைக்கு இடமாகும் என்பாரும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை இது: மைதானத்து ஈட்டி வாளா கிடக்கும் ஈட்டி அன்று. அதனை ஏந்துபவன் ஓடுகின்றான். கால், இடை, தோள், முழங்கை, மணிக்கட்டு என்னும் உறுப்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் வலியை அதன்கண் ஏற்றுகின்றன. இமைப்பொழுதில் அவ்வலி முழுவதும் அதனோடு செல்கின்றது. தேய்வதும் ஒடிவதும் அதற்கும் உண்டு. ஒருவன் உடலில் ஒடியாது மண்ணில் ஒடிகின்றது என்பதே வேறுபாடு. அவ்வேறுபாடு இகழத்தக்கதோ?

வேதாகமத்தை வாசிப்பார்க்கு ஈட்டி என்றவுடன் சவுலின் நினைவு எழும். தாவீது சுரமண்டலம் வாசித்துத் தன் துயரை ஆற்றிக்கொண்டிருந்தபொழுதே அம்மன்னன் அவனைச் சுவரோடு சேர்த்துக் குத்தக் கருதி ஈட்டியை எறிந்தான். பின்னர்த் தன் மகனாகிய யோனத்தான் மேலும் அதனையே எறிந்தான். பொறாமை கொண்டவன் கையிலிருக்கும் கருவிக்குப் பகைவன் என்றும் மகன் என்றும் வேறுபாடு இல்லை. காலம் கழிந்தது. சவுல் பாளயத்தில் உறங்குகையில், தலைமாட்டில் தரையிற் குத்தி நின்ற அவ்வீட்டியை எடுக்கத் தாவீதுக்கு வாய்ப்பு நேர்ந்தது. உடன்சென்ற அபிசாய் ஒரே குத்தாகக் குத்தி முடிக்க உத்தரவு வேண்டினான். தாவீது உடன்பட்டானல்லன். ஈட்டியை எடுத்துச் சென்று, மலையுச்சியில் எட்டி நின்று, வாலிபரில் ஒருவன் வந்து அதனை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று மன்னனுக்கு அறிவித்தான். தன்மேல் எறியப்பட்ட ஈட்டியைத் திருப்பி எறியாமல் திருப்பிக் கொடுத்தவன் அவன். ஈட்டியின் வரலாற்றில் இதனினும் பெரிய செயல் யாது உளது என்று யாம் அறியேம்.

இனி ஆடுகளத்திற்கு வருவோம். கிரேக்கர் ஒலிம்பியாவில் நிகழ்த்திய விழாவில் கி. மு. 708 முதல் ஐந்துறைப் பந்தயம் இடம்பெற்றது என்பது மரபு. ஓட்டம், தாண்டுதல், வட்டெறிதல், ஈட்டி எறிதல், மற்போர் என்பன அவ்வைந்து. அவர் ஈட்டித் தண்டில் தோல்வாரினைச் சுற்றி, அதன் கண்ணியில் விரலை மாட்டி எறிந்தனர். அதனால் ஈட்டி சுழன்று நேரிய வழியில் நெடுந்தொலை சென்றது. இக்காலத்தில், 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதல் நிகழ்ந்தபொழுது ஸ்வீடன் நாட்டு எரிக் லெம்மிங் வெற்றி பெற்றார். 1932இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மகளிர்க்கும் அப்பந்தயம் ஏற்பட, அமெரிக்க நாட்டு பேப் டிட்ரிக்சன் முதல்வராயினர். ஆடவர் ஈட்டி 800 கிராம் எடையும் 2.6 முதல் 2.7 மீட்டர் வரை நீளமும், மகளிர் ஈட்டி 600 கிராம் எடையும் 2.2 முதல் 2.3 மீட்டர் வரை நீளமும் உடையனவாதல் வேண்டும் என்பது விதி. நடுவிற் கயிறு சுற்றிய பிடியைப் பற்றித் தோளின் மேலாக எறிதல் வேண்டும்; உலோக முனையே முதலில் நிலத்தைத் தொடல் வேண்டும்.

இவ்விதிகளுள் மிக வியக்கத்தக்கது ஒன்று உண்டு. 1984ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் கிழக்கு பெர்லினில் உவே ஹோன் என்னும் வீரர் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தார். நூறு மீட்டரைக் கடந்த எறிதல் அஃதொன்றே. உலகம் மகிழ்ந்தது, விளையாட்டுக் கழகத்தாரோ கவலையுற்றனர். ஈட்டி இன்னும் தொலைவு செல்லுமாயின் மைதானத்தின் எல்லையைக் கடந்து, ஓடுவோரையும் காண்போரையும் தாக்குமே என்பது ஒரு கவலை. முனை குத்தாமல் தட்டையாக வீழும் ஈட்டிகளால் முறையான எறிதல் எது என்பதில் ஓயாத வழக்கு எழுகின்றதே என்பது மற்றொன்று. ஆதலின் 1986இல் ஆடவர் ஈட்டியின் எடை மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னே தள்ளினர். அதனால் ஈட்டி விரைவில் முனை தாழ்ந்து நிலத்திற் குத்தியது. எறியும் தொலைவும் குறைந்தது. வாற்பகுதியைச் சொரசொரப்பாக்கித் தொலைவை மீட்கச் சிலர் உபாயம் கண்டபொழுது, 1991இல் அதனையும் விலக்கி, அவ்வகை ஈட்டியால் எய்திய சாதனைகளையும் நீக்கினர். 1999இல் மகளிர் ஈட்டியும் புதிய அமைப்பிற்கு மாறியது. புதிய ஈட்டியைக் கொண்டு செக் நாட்டு யான் ஜெலஸ்னி 1996ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் யேனா நகரில் எறிந்த 98.48 மீட்டர், கால் நூற்றாண்டினும் மேற்பட எவராலும் கடக்கப்படாது நின்றது.

படைக்கருவி செய்வார் எக்காலத்தேனும் தம் கருவி தொலைவு குறையச் செல்லல் வேண்டும் என்று விரும்பியதுண்டோ? அம்பினும் துப்பாக்கி, துப்பாக்கியினும் பீரங்கி, பீரங்கியினும் ஏவுகணை என்று தொலைவை வளர்த்தலே அவர்தம் தொழில். ஈட்டிப் பந்தயத்தை நடத்துவோரோ, அருகில் நிற்பவன் உயிரைக் கருதித் தம் கருவியின் ஆற்றலைத் தாமே குறைத்தனர். தம் பெருமைக்குரிய நூறு மீட்டரையும் விட்டுக்கொடுத்தனர். ஈட்டி கொலைக்கருவியாதலின் விலக்கத்தக்கது என்பார் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக. ஏசாயாவும் மீகாவும் ஈட்டியின் இரும்பு கழனிக்கு உதவும் நாளைக் கண்டு உரைத்தனர். இரும்பை உருக்காமலே, ஈட்டி வடிவிலேயே அதனைத் தீங்கு குறைந்ததாக்கும் வழியொன்று 1986இல் காணப்பட்டது என்று கூறின் மிகையாகாது.

இனி மற்றைச் சாராரை நோக்கி ஒரு சொல். ஆடுகளத்தில் வீரன் ஒருவன் கொணரும் ஈட்டி, நடுவரால் சோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டபின், அப்பந்தயத்திற் கலந்துகொள்ளும் யாவர்க்கும் பொதுவாகும். இது விதி. 2021 ஆகஸ்டு 7ஆம் நாள் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து நீரஜ் சோப்ரா பொற்பதக்கம் பெற்றதனை நாடே கொண்டாடியது. பந்தயம் தொடங்குதற்கு முன்னர்த் தம் ஈட்டி பாகிஸ்தான் வீரர் அர்ஷத் நதீமின் கையில் இருந்ததென்றும், கேட்டு வாங்கி எறிந்ததாகவும் அவர் பின்னர் ஒரு பேட்டியில் இயல்பாகக் கூறினர். அதனைப் பற்றிக்கொண்டு, பகைநாட்டான் ஈட்டியைக் கெடுக்க முயன்றான் என்று பலர் பழிதூற்றினர். நீரஜ் வாளா இருந்தாரல்லர். ஈட்டியை யாவரும் எடுத்துப் பயன்படுத்துவது விதிக்கு உட்பட்டதே என்றும், தம் சொல்லைக் கொண்டு வெறுப்பை வளர்க்கலாகாது என்றும் வெளிப்படையாக அறிவித்தனர். பொற்பதக்கத்தினும் அவ்வறிவிப்பே பெரிதென யாம் மதிக்கின்றோம். உரோமன் தன் ஈட்டி பகைவன் கைக்கு உதவலாகாதென்று அதனுள் மரவாணி செறித்தான். பழிதூற்றியவர் செய்ததும் அதுவே. அவர் தம் உள்ளத்தில் அவ்வாணியைச் செறித்திருந்தனர். எறிந்தவன் ஆடுகளத்தில் நின்றான். காண வந்தவர் படைக்களத்தில் நின்றனர்.

மூன்றாண்டு கழிந்தது. 2024 ஆகஸ்டு 8ஆம் நாள் பாரிஸ் நகரில் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையோடு பொற்பதக்கம் பெற்றார், 89.45 மீட்டர் எறிந்த நீரஜ் வெள்ளிப்பதக்கம் பெற்றார். அப்பொழுது நீரஜின் அன்னையார், பொன் பெற்றவனும் நம் பிள்ளையே என்னும் கருத்துப்படக் கூறினர்; எல்லைக்கு அப்பால் அர்ஷத்தின் அன்னையாரும் நீரஜைத் தம் மகனாகவே கருதிப் பேசினர். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறப்பாட்டின் தாயை நாம் அறிவோம். அவள் முன்னொரு போரில் உடன்பிறந்தானையும் நேற்றைப் போரில் கொழுநனையும் இழந்தவள். இன்று பறையொலி கேட்டுத் தன் ஒரே மகன் கையில் வேல் கொடுத்துக் களத்திற்கு அனுப்பினள். அத்தாயின் மறத்தை யாம் இகழ்வேம் அல்லேம். அவள் காலம் அவளை அவ்வாறு ஆக்கியது. ஆனால் அவள் வேல் கொடுத்தபொழுது, எதிர்ப்படையில் நின்றவனுக்கும் ஒரு தாய் உண்டென்று நினைத்தற்கு அவளுக்கு இடமில்லை. பாரிஸ் நகரத்து ஈட்டியோ இரு தாயர்க்கும் அவ்விடத்தைக் கொடுத்தது. மகன் ஈட்டியோடு சென்றான்; உயிரோடு மீண்டான்; அவனை வென்றவனையும் மகன் என்று சொல்ல நாவும் எழுந்தது.

இஃது என்றும் இவ்வாறே நிற்கும் என்று நாம் உறங்கிவிடலாகாது. 2025ஆம் ஆண்டு பெங்களூரில் தம் பெயரால் நடைபெறவிருந்த ஈட்டிப் பந்தயத்திற்கு நீரஜ் உலக வீரர் பலரோடு அர்ஷத்தையும் அழைத்திருந்தனர். அவ்வேப்ரலில் பகல்காமில் நிகழ்ந்த கொடுங்கொலையால் நாடு துயரிலும் சினத்திலும் ஆழ்ந்தது. அச்சினம் அதற்கு முன்னரே அனுப்பப்பட்ட அழைப்பின்மேலும் பாய்ந்தது. நீரஜும் அவர் குடும்பத்தாரும் வசைக்கு ஆளாயினர். மாண்டவர்க்காக நாடு கொண்ட துயரம் நேரியது; யாமும் அதில் பங்குடையேம். ஆயினும், கொலைஞர்மேற் செல்லவேண்டிய சினம், ஈட்டியை விளையாட்டாக்கியவர்மேற் செல்லின், அவ்வீட்டி மீண்டும் படையாகின்றது. படைக்கருவிகள் உழவுக் கருவிகளாகும் நாளை உரைத்த வேதாகமத்திலேயே, யோவேல் தீர்க்கதரிசி உழவுக் கருவிகள் படைக்கருவிகளாகும் நாளையும் குறித்துள்ளார். இரும்பு இருபுறமும் வளையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அதனை எப்புறம் வளைப்பது என்பது அடிப்பவன் கையில் உள்ளது.

ஆதலின், நம் கல்லூரிகளில் ஈட்டி எறிதலை நீக்குதல் தகாது. அதனை முறையாகக் கற்பித்தலே தகும். முறையாக என்று யாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஈட்டி இன்றும் கூரியதே. 2012இல் ஜெர்மனி நாட்டு டூசல்டார்ப் நகரில் நிகழ்ந்த இளைஞர் பந்தயத்தில் ஈட்டி பாய்ந்து நடுவர் ஒருவர் உயிரிழந்தார். எறியும் எல்லைக்குள் எவரும் நில்லாமை, நடுவர் குறி காட்டும்வரை எறியாமை, ஈட்டியைச் செங்குத்தாக ஏந்தி நடத்தல், நிலத்தில் நிற்கும் ஈட்டியை நோக்கி ஓடாமை என்னும் இவற்றைப் பழகாத மாணவன் கையில் ஈட்டியைக் கொடுத்தல் குற்றம். விளையாட்டு விழாவிற்கு முந்திய வாரத்தில் மட்டும் அறையைத் திறந்து துருவேறிய ஈட்டியை எடுத்து, தோளிற் பலமுள்ளவன் எவனோ அவன் எறிக என்று விடுதல் பயிற்சி ஆகாது. தோளும் முழங்கையும் கெடுதற்கு அதுவே வழி. ஆண்டு முழுதும் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும்.

அப்பயிற்சி வலியவர்க்கே உரியது என்னும் எண்ணமும் ஒழிதல் வேண்டும். இளமையில் மின்கம்பி தாக்கி இடக்கையை இழந்த தேவேந்திர ஜஜாரியா 2004இல் ஏதென்ஸ் நகரிலும் 2016இல் ரியோ நகரிலும் பாராலிம்பிக் பந்தயத்தில் ஈட்டி எறிந்து பொற்பதக்கம் பெற்றார். 2023இல் ஹாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் பந்தயத்தில் அன்னு ராணி 62.92 மீட்டர் எறிந்து பொற்பதக்கம் பெற்றார். புறப்பாட்டுத் தாய் மகனுக்கு வேல் கொடுத்தாள். இக்காலத்து மகள் தானே ஏந்தி எறிகின்றாள். கல்லூரி மகளிர் மைதானத்தின் ஓரத்தில் நின்று கைதட்டுதற்கே உரியர் என்று கருதுவார் இதனை நோக்குவாராக.

முடிவாக, அப்பந்தயத்தின் விதிகளுள் சிறியதொன்றனை நேயர் முன்வைக்க விரும்புகின்றோம். எறிந்த ஈட்டியை எறிந்தவரிடம் மீட்டும் சேர்க்குங்கால், அதனைத் திருப்பி எறிதல் ஆகாது. கையில் ஏந்தி நடந்தே கொணர்தல் வேண்டும். பாதுகாப்பிற்காக ஏற்பட்ட எளிய விதி அது. ஆயினும் படைக்களத்திற்கும் ஆடுகளத்திற்கும் உள்ள தொலைவு முழுவதும் அதனுள் அடங்கியிருக்கின்றது. திருப்பி எறிதல் சவுலின் உலகத்து வழக்கு. ஏந்திக் கொணர்தல் தாவீது கற்பித்த வழக்கு. நம் மாணவர் எத்தனை மீட்டர் எறிந்தனர் என்பதனை அளவுநாடா காட்டும். எறிந்த ஈட்டியை எங்ஙனம் திருப்பிக் கொணர்ந்தனர், தம்மை வென்றவன் கேட்டபொழுது தம் ஈட்டியைக் கொடுத்தனரா என்பதனை எந்த நாடாவும் காட்டாது. அதனையும் பார்த்து மதிப்பிடும் ஆசிரியரும், அதனையும் கண்டு கைதட்டும் மாணவரும் நம் கல்லூரிகளிற் பெருகுவாராக.